கடியாரத்தைக் கழட்டிட்டு வாங்க மாப்ளே

வாங்க மாப்ளே, குந்துங்க. அந்த பிளாஸ்டிக் நாற்காலி வேணாம், அதுல ஒரு கால் என்னைவிட முன்னாடியே ரிட்டயர் ஆயிடுச்சு. இந்தக் கல்லுமேலயே குந்துங்க. சுடுதா? சுடட்டும். அதுக்கு எத்தினி வயசுன்னு அப்பால சொல்றேன். இப்பவே சொன்னா மரியாதையா எழுந்து நின்னுருவீங்க.

தினம் விடியக்காலையில மொட்டை மாடியில சுத்துறீங்களாமே, பாட்டி சொன்னா. தண்ணி டேங்க்கைச் சுத்தி எத்தினியோ ரவுண்டாம். நானும் ஒருநாள் தெருவுல நின்னு அண்ணாந்து பார்த்தேன். போறீங்க, வரீங்க, கையில இருக்கற கடியாரத்தைப் பார்க்குறீங்க, திரும்பவும் போறீங்க. எங்க காலத்துல செக்குமாடு இப்படித்தான் சுத்தும். ஆனா மாடு சுத்தி முடிச்சா சாயந்திரம் ரெண்டு படி எண்ணெய் இறங்கும். உங்களுக்கு பத்தாயிரம்னு ஒரு நம்பர் இறங்குது. அந்த சந்தோஷத்துல ரெண்டு இட்லி சேர்த்து உள்ள இறங்குது.

அந்தக் கடியாரமும் லேசுப்பட்டது இல்ல. போன மாசம் வளைகாப்புக்கு முறுக்கு சுத்தறப்ப ஒத்தாசைக்கு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? குந்தின இடத்துல குந்தி கையைச் சுத்துனீங்க. அது நடந்ததா கணக்கெழுதிகிச்சு. நூறு நாள் வேலையில கூட அப்படி ஒரு கணக்கு நான் பார்த்ததில்ல.

அது கெடக்கட்டும். நீங்க என் பேத்திகிட்ட சொன்னீங்களாமே, "பல்லாவரத்துல நடந்து பார்க்க என்ன இருக்கு? டிராஃபிக்கும் தூசியும்தானே"ன்னு. கோயமுத்தூர்ல பொறந்தவர், சிறுவாணித் தண்ணி குடிச்சவர், சொல்லுவீங்க. நான் கோச்சுக்கல. தூசின்னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் சரி. அந்தத் தூசியில பாதி நான் கிளப்பினதுதான். முப்பது வருஷம் இந்த மலையில கல்லு உடைச்சவன் நான். பட்டணத்துல பாதி வீட்டுக்குக் கடைக்கால்ல குந்தியிருக்கறது எங்க மலை. இப்ப மலை இருந்த இடத்துல பள்ளம் இருக்கு, அவ்வளவுதான்.

சரி, ஒரு வெள்ளைக்காரர் கதை சொல்றேன். ராபர்ட் புரூஸ் ஃபூட்டுன்னு பேரு. ஃபூட்டுன்னா இங்கிலீஷ்ல காலாமே? எழுத்துல ஒண்ணு கூட வரும்னு பேத்தி திருத்தினா. எழுத்து கூட வந்தாலும் ஆளு காலாலதான் பொழைச்சாரு. அரசாங்கத்துல கல்லு, மண்ணு பார்க்கற வேலை. 1863-ம் வருஷம் மே மாசம் 30-ம் தேதி, சனிக்கிழமை. கத்திரி வெயில் முடிஞ்சும் முடியாத நேரம். 28 வயசுப் பையன், உங்களைவிடச் சின்னவரு. சனிக்கிழமைன்னா நீங்க பத்து மணி வரைக்கும் போர்வைக்குள்ள இருப்பீங்க. அவரு நம்ம கன்டோன்மென்ட் பக்கம், பட்டாளத்துக்காரங்க பரேடு போடற மைதானத்துல, ரோட்டுக்குச் சரளை வெட்டியெடுத்த பள்ளத்துக்குள்ள இறங்கி நிக்கறாரு.

பள்ளத்துல இன்னா இருக்கும்? சரளை இருக்கும். எல்லாரும் அதைக் கூடையில அள்ளி ரோட்டுல கொட்டினாங்க. அவரு ஒரு கல்லைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. உள்ளங்கைக்கு அடங்கற கல்லு, ரெண்டு பக்கமும் செதுக்கியிருக்கு, ஒரு முனை கூர். உருண்டு வந்த கல்லு இல்ல, ஒருத்தன் உக்காந்து செஞ்ச கல்லுன்னு கண்டுபுடிச்சிட்டாரு. கைக்கோடாரி மாப்ளே! நம்ம தேசத்துலயே பழைய கற்கால ஆயுதம்னு முதமுதல்ல தெரிஞ்சு எடுத்தது அந்தப் பள்ளத்துலதான். சீமையில இந்த மாதிரி கல்லை எல்லாம் மனுஷன் செஞ்சதுதான்னு பெரிய படிப்பாளிங்க ஒத்துக்கிட்டே அப்ப நாலு வருஷம்தான் ஆயிருந்தது. அதைப் படிச்சு மனசுல வெச்சிருந்ததால இவரு கண்ணுக்குப் பட்டுது.

அதே வருஷம் செப்டம்பர்ல இன்னொருத்தரையும் கூட்டிகினு திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கம் போயி அங்கயும் கண்டுபுடிச்சாரு. அந்த ஊர்ல பிற்காலத்துல தோண்டிப் பார்த்தவங்க, 15 லட்சம் வருஷம்னு கணக்குச் சொல்றாங்க. நம்ம ஊருக்கு யாரும் அப்படி எண்ணிச் சொல்லல. சொல்றதுக்கு அந்தப் பள்ளம் இருக்கணுமே.

எனக்கு இதெல்லாம் யாரு சொன்னாங்கன்னு பார்க்குறீங்க. காலேஜ் வாத்தியாருங்க பசங்களைக் கூட்டிகினு எங்க குவாரிக்கு வருவாங்க. பசங்க கல்லைப் பார்க்க மாட்டானுங்க, கூட வந்த பொண்ணுங்களைப் பார்ப்பானுங்க. வாத்தியாரு பாவம், யாருக்குச் சொல்றதுன்னு தெரியாம எனக்குச் சொல்லுவாரு. நான் பீடியைப் பத்த வெச்சிகினு தலையாட்டுவேன். முப்பது வருஷம் தலையாட்டினதுல ஒரு டிகிரி வந்திருக்கணும்.

ஒரு தடவை அவருகிட்ட கேட்டேன், "சார், நான் உடைச்ச கல்லுல எத்தினி கோடாரி ஜல்லியாப் போயிருக்கும்?"னு. சிரிச்சாரு. "நீ உடைக்கறது மலைக் கருங்கல், அதுக்குள்ள இருக்காது. கோடாரி இருக்கறது மேல படிஞ்ச செம்மண் சரளையில"ன்னாரு. எனக்கு உயிரே வந்துச்சு. அப்பால ராத்திரி படுத்து யோசிச்சேன். கல்லு உடைக்கறதுக்கு முன்னாடி நாலு வருஷம் லாரிக்குச் சரளை அள்ளினவன் நான்! அதை வாத்தியாருகிட்ட சொல்லல. உங்களுக்குத்தான் சொல்றேன், வெளிய விட்டுறாதீங்க.

இப்ப குந்தியிருக்கற கல்லுக்கு வரேன். இது நம்ம மலைக் கருங்கல். வாத்தியாரு கணக்குப்படி சுமாரா 250 கோடி வருஷம். எழுந்திருக்காதீங்க, அது ஒண்ணும் நெனச்சுக்காது. பூமிக்கு ரொம்ப அடியில, பயங்கரச் சூட்டுல வெந்து உருவாகி மேல வந்த கல்லு. புதுசா உடைச்ச முகத்தைப் பார்த்தீங்கன்னா கொஞ்சம் நீலம், கொஞ்சம் பச்சை, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு. இதுக்கு உலகம் பூரா ஒரு பேரு இருக்கு, சார்னோகைட். அந்தப் பேரு வந்த கதை இருக்குதே, அதைக் கேட்டா உங்களுக்கு அழுகையும் வரும், சிரிப்பும் வரும்.

ஜாப் சார்னோக்னு ஒரு கம்பெனிக்காரன். 1690-கள்ல கல்கத்தாவுல செத்துப் போனான். அவன் சமாதிக்கு ஒரு கல்லு வேணும். அந்தப் பக்கம் எங்க தோண்டினாலும் வண்டல் மண்ணு, கல்லுக்கு எங்க போவான்? மெட்ராஸ்ல இருந்து கப்பல்ல போச்சு. இருநூறு வருஷம் கழிச்சு ஹாலண்டுன்னு ஒரு கல்லு சாஸ்திரக்காரர், இந்த மெட்ராஸ் மலைங்களை ஆராய்ச்சி பண்ணவரு, சமாதிக் கல்லும் இதே ஜாதின்னு பார்த்துட்டு, அதுக்கு சார்னோகைட்னு பேரு வெச்சாரு. 250 கோடி வருஷமா இருக்கறது நம்ம கல்லு. அந்தக் கல்லுக்கடியில நீட்டிப் படுத்தவன் பேரு அதுக்கு! இதைவிடப் பெரிய வேடிக்கை கேளுங்க. சார்னோக் கல்கத்தாவை உண்டாக்கினவனே இல்லைன்னு 2003-ல அந்த ஊரு ஐகோர்ட்டே சொல்லிடுச்சு. ஊரு கையை விட்டுப் போச்சு, நம்ம கல்லை மட்டும் விடமாட்டேங்கறான். பரங்கிமலைக்குப் போனீங்கன்னா இந்தக் கல்லுக்குத் தேசிய நினைவுச் சின்னம்னு அரசாங்கமே மரியாதை பண்ணி வெச்சிருக்கு. நாங்க அதே கல்லை ஒரு லோடு இவ்வளவுன்னு வித்தோம்.

இந்தக் கல்லை உடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு உடைச்சவனுக்குத்தான் தெரியும். கல்லுக்கு ஓட்டம்னு ஒண்ணு இருக்கு. அந்த ஓட்டம் தெரியாம நீங்க சம்மட்டியை ஓங்கினா, கை அதிர்ந்து பல்லு வரைக்கும் கூசும். வெடிமருந்துக்கு முந்தி வரிசையா உளிக்குழி போட்டு, அதுல ஆப்பு இறக்கி, இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் மாத்தி மாத்தித் தட்டுவாங்க. சட்டுனு ஒரு சத்தம் வரும், பழைய கதவு திறக்கற மாதிரி. பாறை விலகிடும். மலையோரம் நடக்கறப்ப பாருங்க, பாறை விளிம்புல பல்லு வரிசை மாதிரி குழி இருந்தா, எங்க பாட்டன் பூட்டன் கையெழுத்து அது.

அப்பேர்ப்பட்ட கல்லைக் குடைஞ்சு ஒரு ராஜா கோயிலே கட்டிட்டான். கட்டினான்னு சொல்லக்கூடாது, எடுத்தான். கட்டறதுல தப்பு வந்தா இடிச்சிட்டுத் திரும்பக் கட்டலாம். குடையறதுல உளி ஒரு தடவை எகிறினா போச்சு. மகேந்திரவர்மன், 1400 வருஷத்துக்கு முன்னாடி. பாறை முகத்துல கட்டம் கட்டமா கோடு போட்டு, ஒவ்வொரு கட்டமா செதுக்கி எடுத்துகினே உள்ள போவாங்க. பாதியில விட்ட பல்லவர் குகைங்கள்ல அந்தக் கட்டமெல்லாம் இன்னிக்கும் அப்படியே இருக்கு. நம்ம ஊரு குகையில அந்த ராஜாவோட பட்டப்பேருங்களை வெட்டி வெச்சிருக்கான். ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா. இப்ப நீங்க தெருவுல பேனர் பார்த்துட்டு, "இத்தினி பட்டமா?"ன்னு சிரிக்கறீங்களே, அந்தப் பழக்கம் பல்லாவரத்துக்குப் புதுசு இல்ல. அவனாவது கல்லுல வெட்டினான், காத்தடிச்சா யாரு தலையிலயும் விழாது. அதுவும் இல்லாம அவன் சிரிக்கத் தெரிஞ்சவன். குடிகாரச் சாமியாருங்களைக் கிண்டல் பண்ணி மத்தவிலாசம்னு ஒரு நாடகமே எழுதியிருக்கான்.

இப்ப அந்தக் குகை தர்காவா இருக்கு. பச்சைத் துணி, ஊதுபத்தி, நேர்த்திக்கடன்னு ஜனங்க வந்து போற இடம். போறப்ப செருப்பைக் கழட்டிட்டு, அங்க இருக்கறவங்களைக் கேட்டுட்டு உள்ள போங்க. போன உடனே போனைத் தூக்கி வெளிச்சம் அடிக்காதீங்க. ஓரமா கொஞ்ச நேரம் குந்துங்க, கண்ணு இருட்டுக்குப் பழகினதும் தூணு தானா தெரியும். அந்தக் கால்மணி நேரம் உங்க கடியாரம் ஒரு அடி கூட எண்ணாது. அதுக்கு ரொம்ப வருத்தமா இருக்கும், பரவாயில்ல.

திரிசூலம் ஸ்டேஷன் தினம் பார்க்குறீங்க, ஏர்போர்ட்டுக்கு இறங்கற இடம்னுதான் தெரியும். அந்தாண்ட மலை இடுக்குல ஒரு சிவன் கோயில் இருக்கு, சோழர் காலத்துக் கல்வெட்டோட. அந்தக் காலத்துல ஊரு பேரு திருச்சுரம். சுரம்னதும் மாத்திரை தேடாதீங்க. சுரம்னா வறண்ட காட்டு வழின்னு அர்த்தம். அப்பவே நம்ம ஊரு வெயிலைப் பத்தி ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. கோயில் வாசல்ல நின்னா தலைக்கு மேல பிளேன் உறுமிகினு போகும். சாமிக்குக் காது கேக்குமான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.

வெள்ளிக்கிழமைன்னா சந்தைக்கு வாங்க. கன்டோன்மென்ட்ல பழைய டிரங்க் ரோட்டுல கூடும். ரோஜாச்செடியில இருந்து ஓடாத மிக்ஸி வரைக்கும், புறாவுல இருந்து ஒத்தைச் செருப்பு வரைக்கும் கிடைக்கும். ஒத்தைச் செருப்பை யாரு வாங்குவான்னு நானும் கேட்டிருக்கேன். "போன வாரம் இன்னொண்ணு வித்தேன், அவன் திரும்ப வருவான்"னான் கடைக்காரன். அங்க பழைய அம்மி, உரல் கிடக்கும், தட்டிப் பாருங்க. நல்ல கல்லு வெங்கலம் மாதிரி சத்தம் குடுக்கும், விரிசல் இருந்தா மொட்டையா கேக்கும். விலையில பாதிக்குக் கேளுங்க, கால்வாசிக்குக் குடுத்தா வாங்காதீங்க. அந்தக் கல்லுல ஏதோ இருக்கு.

அப்பால மறைமலை அடிகள். 1911-ல இங்க குடி வந்து, 1950-ல கண்ணை மூடற வரைக்கும் பல்லாவரத்துலதான் இருந்தாரு. முதல்ல வேதாசலம்னு பேரு. 1916-ல தனித்தமிழ்னு கிளம்பி, தன் பேரையே மொழிபெயர்த்துக்கினாரு. வேதம் மறையாச்சு, அசலம் மலையாச்சு. மகளோட பேசறப்ப, ஒரு பாட்டுல தேகம்னு வர்ற இடத்துல யாக்கைன்னு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு தோணிச்சாம், அங்க புடிச்சதுதான் எல்லாம். அவரு ஊர்ல குடியிருந்துகினு நீங்க "தாத்தா, மார்னிங் வாக்கிங்ல ஃபைவ் கிலோமீட்டர் கம்ப்ளீட்"ங்கறீங்க. நான் மட்டும் யோக்கியமா, காலையில இருந்து டிராஃபிக்கு, ரிட்டயருன்னு பேசிகினு இருக்கேன். அடுத்த ஸ்டேஷனுக்கே பேரு குரோம்பேட்டை. குரோம் தோல் கம்பெனி இருந்ததால வந்த பேரு. அடிகள் 1931-ல புதுசா ஓடின கரண்ட் ரயில்ல எப்பவாவது தாம்பரம் போயிருந்தா, அந்தப் போர்டைத் தாண்டறப்ப கண்ணை மூடிக்கினுதான் போயிருப்பாரு.

அந்தத் தோலு சமாச்சாரம் மட்டும் சிரிக்கற விஷயம் இல்ல. நாகல்கேணிப் பக்கம் தொட்டி தொட்டியா தோலு ஊறும். ஆயிரம் குடும்பம் சோறு தின்னுச்சு. ஆனா கிணத்துத் தண்ணி கெட்டுது. என் தங்கச்சியை அங்கதான் குடுத்தோம். அவ வீட்டுக்குப் போனா முதல்ல மோர் குடுப்பா, தண்ணி கேட்டா பேச்சை மாத்துவா. அந்தப் பக்கம் நடந்தீங்கன்னா மூக்கைப் புடிக்காம நடங்க. அங்க இருக்கறவங்க பார்ப்பாங்க.

பம்மலுக்கு உங்களுக்கு வழி சொல்ல வேணாம், கமலஹாசன் படம் பார்த்திருப்பீங்க. நாடகம் எழுதின பம்மல் சம்பந்த முதலியார் பேருல நின்ன ஊரு அது. மெட்ராஸ்ல 1891-ல சபா ஆரம்பிச்சு, நாடகம்னா பெரிய மனுஷனும் நடிக்கலாம்னு காட்டினவரு.

ஏரிக்கு வரேன். பெரிய ஏரின்னு பேரு. 200 அடி ரோடு அதை நடுவுல கிழிச்சிகினு துரைப்பாக்கத்துக்குப் போவுது. ரோட்டுக்கு இந்தாண்ட ஒரு துண்டு, அந்தாண்ட ஒரு துண்டு. குப்பையும் கொட்டினாங்க. இருந்தாலும் மழை பெஞ்சு தண்ணி நின்னா, நீர்க்காகம் இறக்கையை விரிச்சுக் காய வெச்சிகினு நிக்கும், வேட்டி உலர்த்தற மாதிரி. அதே ரோட்டுல நேரா போனா பள்ளிக்கரணை சதுப்பு. பூநாரை வருதுன்னு ஜனங்க பெரிய கேமராவோட போறாங்க. போகட்டும், எனக்கு நாமக்கோழி போதும். நெத்தியில வெள்ளை நாமம் போட்டுகினு, கறுப்புச் சட்டையும் போட்டுகினு நீந்தும். எந்தக் கட்சின்னு இன்னிக்கு வரைக்கும் என்னால கண்டுபுடிக்க முடியல.

எங்க குவாரிப் பள்ளத்துலயும் இப்ப தண்ணி. நாங்க வெட்டின சுவத்துல மீன்கொத்தி குந்துது. பார்க்கறதுக்கு அழகா இருக்கும், இறங்காதீங்க. கரையே கிடையாது, ஒரே செங்குத்து. நீச்சல் தெரிஞ்ச பையனுங்களையே அது முழுங்கியிருக்கு. இந்த ஒரு விஷயத்துல நான் விளையாட்டுக்குப் பேசல.

மேல வந்து எருக்கஞ்செடியைப் பாருங்க. ஒவ்வொரு காலி மனையிலயும் நிக்கும். இலையைத் திருப்பினா பட்டை பட்டையா வெள்ளை, கறுப்பு, மஞ்சள்ல ஒரு புழு இருக்கும். ஆடு கூட தொடாத இலையை அது சாவகாசமா தின்னும். அந்த விஷம் உடம்புல ஏறினதால குருவி அதைக் கொத்தாது. அதுதான் அப்பால செம்மஞ்சள் பட்டாம்பூச்சியாப் பறக்குது. உங்க அபார்ட்மென்ட்காரங்க வாசல்ல இருந்த எருக்கை வெட்டிட்டு, பட்டாம்பூச்சி வரணும்னு நர்சரியில இருந்து தொட்டிச்செடி வாங்கி வெச்சாங்களே, அன்னிக்கு நான் ரொம்ப நேரம் சிரிச்சேன். நீங்கதான் செக்ரட்டரின்னு அப்ப எனக்குத் தெரியாது.

சரி, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க. முதல்ல குகை. அங்க இருந்து மலையோரமா திரிசூலம், எங்க குவாரி மேட்டு வழியா திரும்பலாம். நான் மெதுவாத்தான் நடப்பேன், ஒவ்வொரு கல்லுகிட்டயும் நிப்பேன், டீக்கடையில ரெண்டு இடத்துல குந்துவேன். சில்லறை நீங்க எடுத்துகினு வாங்க.

கடியாரம் வேணாம் மாப்ளே, கழட்டி பாட்டி கையில குடுத்துடுங்க. நாளைக்குத் துவையல் அரைக்கறா. நாம திரும்பி வரதுக்குள்ள அம்மிகிட்ட குந்தினபடியே உங்க பத்தாயிரத்தை முடிச்சு வெச்சிருப்பா.